இடதுகை முடிச்சு

திருச்சியில் ஸ்வெட்டர் போடுகிற அளவுக்குக் குளிர் என்றைக்கும் வந்ததில்லை. மார்கழியில் விடியற்காலை கொஞ்சம் பனி இறங்கும், வெயில் ஏறினால் அதுவும் போய்விடும். இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. இந்த ஊரில் ஒரு பெண்பிள்ளைக்குத் தடித்த ஸ்வெட்டர் பின்னுகிறார்கள் என்றால், அந்தப் பிள்ளை இங்கே இருக்கப் போவதில்லை என்று அர்த்தம். அது எனக்கு அப்போது தோன்றவில்லை. குழி வெட்டுகிறவனுக்குப் புத்தி கீழே போகும், பக்கவாட்டில் போகாது.

மலர்க்கொடி மேடம், நான் சொல்லச் சொல்லக் கான்ஸ்டபிள் எழுதட்டும் என்றீர்கள். வேண்டாம், நானே எழுதுகிறேன். நாற்பது வயதுக்கு மேல் எழுத்துக் கற்றவன் நான். என் விஷயத்தை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு வேடிக்கை பார்க்க மனம் வரவில்லை. நீங்கள் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டதைப் பார்த்தேன். குளித்துவிட்டுத்தான் வந்தேன். ஆனாலும் தள்ளித்தான் உட்காருவார்கள். பழகிவிட்டது.

என் பேர் பிச்சமுத்து. எங்கள் பங்குக் கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டுவது, மூடுவது, மேடு கட்டுவது, புல் செதுக்குவது என் வேலை. சிலுவையில் பேர் எழுத ஒரு பெயின்டர் வருவார். அவர் இறந்தபோது அவருக்குப் பேர் எழுத ஆள் இல்லை. கோயிலில் மணி அடிக்கிற கோயில்பிள்ளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். எழுத்து என்று தெரியாமலே, படம் போடுகிற மாதிரி அதைப் பார்த்துப் போட்டேன். நன்றாக வந்திருக்கிறது என்றார்கள். பிறகு ஒவ்வொரு சிலுவையாகப் போய் நின்று, கோயில்பிள்ளையைத் தொந்தரவு பண்ணிக் கேட்டுக் கேட்டு, படிக்கவே கற்றுக்கொண்டேன். நான் முதன்முதலில் கூட்டி வாசித்த சொல், தோற்றம். இரண்டாவது, மறைவு.

என் மனைவி பாக்கியமேரி. நான் மேரி என்றுதான் கூப்பிடுவேன். டெல்பின் எங்களுக்கு ஒரே பெண். மேரி உறையூரில் தறிகளுக்கு நடுவில் வளர்ந்தவள். கன்னியர் மடத்துத் தையல் வகுப்பில் உல்லன் பின்னல் கற்றுக்கொண்டு, மகளுக்கும் கற்றுக் கொடுத்தாள். நூல் தீர்ந்து அடுத்த நூலைச் சேர்க்கும்போது, தறிக்காரர்கள் இழை அறுந்தால் போடுவார்களே, அந்தச் சின்ன முடிச்சைத்தான் இருவரும் போடுவார்கள். டெல்பினுக்கு இடது கைப் பழக்கம். அவள் போடும் முடிச்சு திரும்பிக்கொண்டு நிற்கிறது என்று மேரி கேலி பண்ணுவாள். நானும் எட்டிப் பார்ப்பேன். எனக்கு வித்தியாசம் தெரியாது. முடிச்சு முடிச்சுதான்.

கிறிஸ்துமசுக்கு முந்தின திருவருகைக் காலம் தொடங்கிவிட்டால் எங்கள் வீட்டில் கால் வைக்க இடம் இருக்காது. குடிலுக்கு மலை செய்யப் பழுப்புத்தாள் கசங்கிக் கிடக்கும். டப்பா மூடிகளில் கம்பு முளைத்திருக்கும், அதுதான் குடிலுக்குப் புல்வெளி. தீக்குச்சிகளின்மேல் நூலைச் சுற்றி ஆட்டுக்குட்டி செய்வார்கள். பாலன் இயேசுவுக்கு உள்ளங்கை அகலத்தில் ஒரு போர்வை, வருடத்துக்கு ஒரு நிறம். ஸ்ரீரங்கத்தில் மார்கழி அதிகாலையில் கோயிலுக்குப் போகிற பெரியவர்களுக்கு மஃப்ளர், மங்கி குல்லா என்று வேறு ஒரு பக்கம் ஓடும். இருவரும் தலையோடு தலை முட்டுகிற மாதிரி உட்கார்ந்து கண்ணியை எண்ணிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் இருப்பார்கள்.

நான் வேலை முடிந்து வருவேன். பக்கத்தில் உட்காருவேன். நூல் உருண்டை உருண்டு வந்தால் எடுத்துக் கொடுக்கக் கை நீட்டுவேன்.

"தொடாதீங்க. கையக் கழுவிட்டு வாங்க" என்பாள் மேரி.

"கழுவிட்டேன்."

"இன்னொரு தடவ கழுவுங்க."

டெல்பின் நிமிராமலே சொல்வாள்: "விடும்மா. அப்பா தொட்டாருன்னா பாலனுக்கே அளவெடுத்துக் குழி வெட்டிருவாரு."

இருவரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சிரிக்காமல் இருந்தால் நன்றாக இருக்காது. ஆனால் ஒன்று சொல்கிறேன், இத்தனை வருடத்தில் என் வீட்டு நூல் எதுவும் என் கைக்குக் கொடுக்கப்பட்டதில்லை. அந்த வீட்டுச் சோறு நான் தோண்டிய மண்ணிலிருந்து வந்தது. சோற்றை மட்டும் யாரும் இன்னொரு தடவை கழுவவில்லை.

அந்த வருடம் மேரி ஒரு தடித்த ஸ்வெட்டர் பின்னினாள். யாருக்கு என்று கேட்டேன். டெல்பினுக்கு என்றாள். இந்த ஊரில் எதுக்கு என்றேன். ஆசைக்கு என்றாள். குடிலுக்கு நட்சத்திரம் கட்டுகிற அன்று நான் வீட்டுக்கு வந்தபோது டெல்பின் இல்லை. மேரி மட்டும் உட்கார்ந்து ஆட்டுக்குட்டி சுற்றிக்கொண்டிருந்தாள்.

"எங்க அவ?"

"கொடைக்கானல் போயிட்டா. மீரான்கூட." என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சேர்த்துச் சொன்னாள்: "ஸ்வெட்டர எடுத்துட்டுத்தான் போயிருக்கா, கவலப்படாதீங்க."

மீரான் மலைக்காய்கறி ஏற்றிக்கொண்டு காந்தி மார்க்கெட்டுக்கு வேன் ஓட்டி வருகிற பையன். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை, இதை நீங்கள் தனியாகக் குறித்துக்கொள்ளலாம். மதமும் எனக்குப் பெரிய விஷயம் இல்லை, மண்ணுக்குள் எல்லாரையும் பார்த்தவன் நான். எனக்கு உறுத்தியது அந்த ஸ்வெட்டர்தான். முன்பக்கம், பின்பக்கம், இரண்டு கை, கழுத்து என்று அத்தனை நாள் என் கண் எதிரே பின்னியிருக்கிறாள். மகள் போகப் போகிறாள் என்று நூலுக்குத் தெரியும், ஊசிக்குத் தெரியும். எனக்குத் தெரியாது.

சொந்தக்காரர்கள் வாயை அடைக்க முடியவில்லை. பொன்மலைப் பக்கம் இருந்த வீட்டைக் காலி செய்து உறையூர் வந்தோம். பேச்சு வார்த்தையை நான் நிறுத்தவில்லை. மேரியிடம் போன் கிடையாது, அவளுக்குப் பிடிக்காது. டெல்பின் என் போனுக்குக் கூப்பிடுவாள், நான் கொடுப்பேன். தாயும் மகளும் ஸ்பீக்கர் போட்டு, ஊசியைக் கீழே வைக்காமலே பேசிக்கொள்வார்கள். கொரோனா வந்து ஊரை அடைத்த சமயம், டெல்பின் நிறைமாதம். அன்று சாயங்காலம் போனை எடுத்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "அப்பா கையக் கழுவிட்டுத்தான் போனக் குடுத்தாராம்மா?" அது ஊரே கையைக் கழுவிக்கொண்டிருந்த காலம். விளையாட்டாகத்தான் கேட்டாள். மேரி சிரித்து சிரித்து இழுப்பு வந்து, பம்பு அடித்துக்கொள்ள வேண்டியதாகிவிட்டது. இழுப்பு வந்தால் வாயில் வைத்து அடிக்கிற நீல நிறப் பம்பு, எப்போதும் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்திருப்பாள்.

மறுநாள் தோட்டத்தில் பின்சுவர் ஓரமாக ஒரு குழி வெட்டச் சொன்னார்கள். வெட்டிய பிறகு, உடல் வேறு ஊருக்குப் போகிறது, வேண்டாம் என்றார்கள். திறந்த குழியை அப்படியே விடக் கூடாது. மூடினேன். மூடினால் மேடு வரும். வெறும் மேடாக விட்டால் நாய் ஏறிப் படுக்கும். ஒரு சிலுவை நட்டேன். பேர் இல்லாத சிலுவை பார்க்க நன்றாக இருக்காது. அன்றைக்குக் கைக்கு வந்த பேரை எழுதினேன். பாக்கியமேரி. தோற்றம், இன்ன வருடம். மறைவு, அந்த வருடம். எங்கள் தோட்டத்தில் அந்தப் பேரில் ஏற்கெனவே நாலைந்து பேர் இருக்கிறார்கள், யாரும் நின்று கேட்கவில்லை. எழுத்து அழகாக வந்திருந்தது. அதுவரை நான் எழுதியதில் அதுதான் கோணாமல் வந்தது.

நான் தூரிகையைக் கழுவிக்கொண்டிருக்கும்போது டெல்பின் கூப்பிட்டாள். "அம்மாகிட்டக் குடுங்கப்பா" என்றாள்.

"அம்மா இல்லம்மா" என்றேன்.

நான் தோட்டத்தில் இருந்தேன், மேரி வீட்டில் இருந்தாள். அதனால் இல்லை என்றேன். அந்தக் காலத்தில் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான் இருந்தது. டெல்பின் தானாகவே புரிந்துகொண்டு அழ ஆரம்பித்தாள். நான் திருத்தியிருக்கலாம். ஆனால் அவள் அழுகைக்கு நடுவில், "தனியாவாப்பா எல்லாத்தையும் பண்ணுனீங்க?" என்று கேட்டாள். அந்தக் குரலில் அவள் என்னிடம் பேசி நான் கேட்டதே இல்லை. ஆமாம்மா என்றேன். தனியாகத்தான் வெட்டினேன், தனியாகத்தான் மூடினேன்.

மேரியிடம் கொஞ்ச நாள், லைன் கிடைக்கவில்லை என்றேன். பிறகு, பெண் குழந்தை பிறந்திருக்கிறது என்று சொன்னேன், அது நிஜம். "உன்கிட்டப் பேச மாட்டாளாம். பிரசவத்துக்கு வரலேன்னு கோவம்."

"ஊரையே அடச்சு வச்சிருந்தாங்களே, நான் எப்படிங்க போவேன்?"

"நானும் அதத்தான் சொன்னேன். கேக்க மாட்டேங்குறா."

மேரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "குழந்தைக்கு எதாவது பின்னிக் குடுத்தா வாங்கிக்குவாளா?" என்று கேட்டாள். கேட்டுச் சொல்கிறேன் என்றேன். இரண்டு நாள் விட்டு, "வாங்கிக்குவா. ஆனா நீ கெளம்பி வந்தா அதையும் திருப்பி அனுப்பிருவாளாம்" என்றேன்.

அதற்குப் பிறகு எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. டிசம்பர் பிறந்ததும் மேரி ஸ்வெட்டரும் கால் உறையும் பின்னி, பையில் போட்டு, "பத்திரமா அனுப்புங்க" என்று என் கையில் தருவாள். இப்போது தர வேண்டியிருந்தது. அதற்கு முன்பும் கையைக் கழுவச் சொல்வாள், அது மாறவில்லை. நான் தோட்டத்துக்குக் கொண்டுபோவேன். மண்வெட்டி, கடப்பாரை வைக்கிற கொட்டகையில் உட்கார்ந்து பிரிப்பேன். கடைசிக் கண்ணியைக் கண்டுபிடித்து இழுத்தால் போதும், மீதி தானாக வரும். நாட்கணக்கில் பின்னியது ஒரு பீடி பற்றவைத்து முடிப்பதற்குள் பிரிந்துவிடும். பிரித்த நூல் சுருள் சுருளாக இருக்கும், அப்படியே கொடுத்தால் தெரிந்துவிடும். நனைத்து, அடியில் செங்கல்லைக் கட்டித் தொங்கவிட்டால் நேராகும். காய்ந்ததும் உருண்டையாகச் சுற்றி அடுத்த வருடம் மேரியிடம் கொடுப்பேன். தெப்பக்குளம் கடைவீதியில் வாங்கினேன் என்பேன். தூக்கிப் போட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். நல்ல நூல், மேடம். வீணாக்குவது எனக்குப் பிடிக்காது.

டெல்பின் கிறிஸ்துமசுக்கு இரண்டு மூன்று நாள் முன்னால் வருவாள். கல்லறைத் திருநாளுக்கு வந்தால் சொந்தக்காரர்கள் கண்ணில் பட்டு ஏதாவது சொல்வார்கள், வீட்டுப் பக்கமும் வேண்டாம், கூட்டம் இல்லாதபோது நேராகத் தோட்டத்துக்கு வா என்று நான்தான் சொல்லி வைத்திருந்தேன். மேரி தோட்டத்துக்கு வர மாட்டாள், சாம்பிராணிப் புகையும் புழுதியும் அவளுக்கு ஆகாது. டெல்பின் ஒவ்வொரு வருடமும் ஒரு சால்வை பின்னிக்கொண்டு வருவாள். அம்மாவுக்குப் பனி ஒத்துக்காது என்று சொல்லி, அந்த மேட்டின்மேல் விரித்து, ஓரங்களைச் சொருகிவிடுவாள். தூங்குகிறவர்களுக்குச் செய்கிற மாதிரி. குழந்தைக்கு அம்மா பேரையே வைத்திருந்தாள். அது கடையில் வாங்கிய ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு மற்றக் கல்லறைகளுக்கு நடுவில் ஓடும்.

"அம்மா இருந்திருந்தா இவளுக்கு எத்தன பின்னியிருப்பா" என்றாள் ஒரு தடவை.

"பின்னியிருப்பா" என்றேன். கொட்டகைக்குள் அந்தக் குழந்தையின் மஞ்சள் ஸ்வெட்டர் பாதி பிரித்தபடி ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

பிறகு என்னோடு உட்கார்ந்து, கொண்டுவந்த சாப்பாட்டைப் பிரித்து வைப்பாள். என் கையை அவள் பார்ப்பதே இல்லை. "நமக்கு நாம ரெண்டு பேருதாம்ப்பா" என்பாள். அவள் போன பிறகு சால்வையை எடுத்து மண்ணை உதறி, அதையும் பிரிப்பேன். அந்த நூலும் மேரியிடம்தான் போகும். வீட்டுக்குப் போனால் மேரி காபி கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்து கேட்பாள்: புள்ள நடக்குதா, பல்லு மொளச்சிருச்சா, என்ன நிறம் பிடிக்குமாம். போனில் கேட்ட மாதிரி சொல்வேன். நேரில் பார்த்தவன்தானே, எல்லாம் சரியாகச் சொல்வேன். குழந்தையின் உயரத்தை என் இடுப்பில் கை வைத்துக் காட்டுவேன். மேரி அந்த இடத்தில் நாடாவை வைத்து அளந்துகொள்வாள்.

ஒருத்தி இறந்தவளாக இருந்தாள், ஒருத்தி கோபக்காரியாக இருந்தாள், இருவரும் என்னோடு பேசினார்கள். அதற்கு முன் ஒரே வீட்டில் இருந்தும் யாரும் பேசவில்லை. யாருக்கு என்ன நஷ்டம் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

இந்த வருடம் வத்ஸலா மாமியால் ஆரம்பித்தது. ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் இருக்கிறார், மேரியிடம் வருடா வருடம் மஃப்ளர் வாங்குகிறவர். வேறு தீங்கு இல்லாதவர்தான். நான் மஃப்ளரைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது மேரியும் ஆசைப்பட்டுக் கூட வந்திருந்தாள்.

"நன்னா இருக்கு பாக்கியம். எங்காத்துக்காரர் இதக் கட்டிண்டு போனாத்தான் பெருமாளே அடையாளம் கண்டுக்கறாராம்" என்று சிரித்துவிட்டு, "ஏன் மொகம் வாடிக் கெடக்கு?" என்று கேட்டார். மேரி மகளைப் பற்றிச் சொன்னாள். "இதுக்கா? பொங்கலுக்கு முன்னாடி எங்க ரகுராம் கொடைக்கானல் போறான், கார்ல எடம் இருக்கு. நீ போய் வாசல்ல நில்லு. பெத்தவ நின்னா எந்தப் பொண்ணு கதவச் சாத்துவா?"

டவுன் பஸ்ஸில் திரும்பி வரும்போது மேரி காவிரிப் பாலம் முழுக்க விரல் விட்டுப் பொங்கலுக்கு நாள் எண்ணிக்கொண்டு வந்தாள். இறங்கும்போது, "போகலாம்னு இருக்கேங்க" என்றாள். யோசிக்கலாம் என்றேன்.

அன்று பிற்பகல், நேற்று முன்தினம், அவள் குழந்தைக்கு ஸ்வெட்டரின் கைப்பகுதி பின்னிக்கொண்டிருந்தாள். நீல நூல். போன வருடம் டெல்பின் போர்த்திய சால்வை. நான் குடிலுக்கு இடம் ஒழித்துக்கொண்டிருந்தேன். பலகையைத் துடைப்பதற்காக, அதன்மேல் இருந்த பம்பை எடுத்துச் சட்டைப் பையில் போட்டேன். அதில் அப்போது எந்த எண்ணமும் இல்லை.

ஊசிச் சத்தம் நின்றது. மேரி நூலைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, இந்த நூலு எங்க வாங்குனது?"

"தெப்பக்குளத்துலதான். எப்பவும் வாங்குற கடை."

"கடக்காரருக்கு எடது கைப் பழக்கமா?"

முடிச்சுகளை நான் எடுப்பதில்லை. கடை நூலிலும் முடிச்சு இருக்கும் என்று விட்டுவிடுவேன், இதுவரை மேரியும் கவனித்ததில்லை. மேரி போட்டால் முடிச்சின் வால் ஒரு பக்கம் சாயுமாம், டெல்பின் போட்டால் மறுபக்கமாம். இத்தனை வருடம் என் கண் எதிரே கேலி பேசியதை நான் காதில் வாங்கவில்லை. அது என் தப்பு.

"இது எம்புள்ள முடிச்சு" என்றாள் மேரி. "அவ நூலு உங்ககிட்ட எப்படி வந்துச்சு?"

நேராகக் கேட்டால் நான் பொய் சொல்வதில்லை. அதுவரை அவள் நேராகக் கேட்டதில்லை.

"அவ குடுத்ததுதான்."

"உங்ககிட்டயா?"

"எனக்கில்ல, உனக்கு. வருஷா வருஷம் வந்து போத்திட்டுப் போறா."

"எனக்கா? எங்க?"

"உன் கல்லறையில."

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். வரிசையாக, உங்களுக்கு எழுதுகிற மாதிரிதான். அவள் நடுவில் குறுக்கிடவில்லை. குழந்தைக்கு உன் பேர்தான் என்று சொன்னபோது மட்டும் மடியில் இருந்த பின்னலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அடுத்து எப்ப வருவா?"

"நாளைக்கு."

அவள் முகம் அப்போது எப்படி மாறியது என்று எழுதத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்த எழுத்து கொஞ்சம்தான். ஆனால் அந்த முகத்தை எனக்கு அடையாளம் தெரிந்தது. மகளோடு தலை முட்ட உட்கார்ந்து கண்ணி எண்ணும்போது இருக்குமே, அந்த முகம். நான் அதே அறையில்தான் நின்றுகொண்டிருந்தேன். அவள் பார்வையில் நான் இல்லை.

எழுந்தாள். "இப்பவே ஸ்ரீரங்கம் போறேன். மாமி போன்ல எம்புள்ளகிட்டப் பேசுறேன். நாளைக்கு அவ வரும்போது அந்த மேட்டு மேலயே உக்காந்திருப்பேன். நீங்க வெட்டுன குழியில நீங்களே போய்ப் படுத்துக்குங்க."

செருப்பைத் தேடினாள். குனிந்தபோது இழுப்பு ஆரம்பித்தது. பலகையைத் தடவினாள், பம்பு அங்கே இல்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாள். சட்டைப் பை துணி மெலிந்தது, நீல நிறம் வெளியே தெரியும். கையில் இருந்த பின்னல் ஊசியால் என் பையைக் காட்டினாள்.

பம்பு பையில் இருப்பதே மறந்துவிட்டது என்று முதலில் உங்களிடம் சொன்னேன். மறக்கவில்லை.

அவள் உட்கார்ந்துவிட்டாள். பின்னலோடு தொங்கிய நூல் உருண்டை கீழே விழுந்து என் காலடிக்கு உருண்டு வந்தது. எடுக்கக் குனிந்தேன். கையில் குடில் மண் ஒட்டியிருந்தது. மண்கையோடு தொட்டால் அவளுக்குப் பிடிக்காது. பின்னால் போய்க் குழாயைத் திறந்து, சோப்புப் போட்டு, நகத்துக்குள் இருந்ததெல்லாம் போகக் கழுவினேன். துண்டில் துடைத்துவிட்டு வந்தேன். அவள் சுவரில் சாய்ந்திருந்தாள், உதடு ஏதோ சொல்ல முயன்றுகொண்டிருந்தது. அவள் வழக்கமாகச் சொல்வது எனக்குத் தெரியும். திரும்பிப் போய் இன்னொரு தடவை கழுவினேன்.

இரண்டாவது தடவை வந்தபோது சத்தம் இல்லை. நூலை எடுத்துச் சுற்றி அவள் மடியில் வைத்தேன். எதுவும் சொல்லவில்லை.

அக்கம்பக்கத்துக்காரர்கள் வந்தார்கள். இழுப்புக்காரி என்று எல்லாருக்கும் தெரியும். ஐஸ் பெட்டி வந்தது, ஜெபம் சொன்னார்கள். நேற்றுக் காலையில் நான் தோட்டத்துக்குப் போய்ப் பின்சுவர் ஓரத்து மேட்டைத் திறந்தேன். வேறு எங்கே வெட்டுவது? அவள் பேரில் இருக்கிற இடம் அது ஒன்றுதான். பாதி ஆழம் போயிருந்தபோது டெல்பின் வந்தாள். ஒரு கையில் குழந்தை, ஒரு கையில் சிவப்புச் சால்வை.

"அம்மா எடத்த ஏம்ப்பா தோண்டுறீங்க? யாருக்குக் குழி?"

"அம்மாவுக்கு."

"என்னப்பா பேசுறீங்க? அம்மா செத்து எத்தன வருஷம் ஆச்சு?"

"நேத்து சாயங்காலம்தாம்மா" என்றேன். "உறையூர் வீட்டுல வச்சிருக்கு. போய்ப் பாரு."

அவள் குழிக்குள் எட்டிப் பார்த்தாள். அங்கே மண்ணைத் தவிர ஒன்றும் இல்லை, பெட்டி இல்லை, எலும்பு இல்லை. பிறகு என் சட்டைப் பையைப் பார்த்தாள். சட்டை மாற்றாமல் வந்துவிட்டேன். அந்தப் பம்பு எதற்கு என்று அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். குழந்தையை இறுக்கிக்கொண்டு ஓடினாள். சால்வை வழியில் விழுந்து கிடந்தது. மடித்துக் கொட்டகையில் வைத்திருக்கிறேன், உங்களுக்கு வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம். பிரிக்கவில்லை.

வீட்டில் அவள் அம்மாவின் மடியில் அந்த நீலக் கைப்பகுதியைப் பார்த்திருக்கிறாள், தன் முடிச்சையும் பார்த்திருக்கிறாள். உங்களிடம் வந்து சொன்னது அவள்தான் என்று தெரியும். என்னைப் பற்றி என்னென்ன சொன்னாளோ. கோபத்தில் இருக்கிறாள். இரண்டு மூன்று நாளில் தணிந்துவிடும். இப்போது நிஜமாகவே நாங்கள் இரண்டு பேர்தான்.

நீங்கள் கேட்டதற்கு எல்லாம் எழுதிவிட்டேன். பம்பு என் பையில் இருந்தது. எனக்குத் தெரிந்துதான் கொடுக்கவில்லை. என் மனைவி பாக்கியமேரி சாக நான்தான் காரணம் என்று எழுதச் சொன்னீர்கள், எழுதுகிறேன். ஆனால் என் கை அவள்மேல் படவில்லை. பட்டிருந்தாலும் கழுவிய கைதான்.

ஒரு உதவி மட்டும் கேட்கிறேன். பெரியாஸ்பத்திரியில் பரிசோதனை முடிந்து உடலைத் தரும்போது வேறு ஆளை விட்டு வேறு இடத்தில் வெட்டச் சொல்லாதீர்கள். குழி பாதி வெட்டியிருக்கிறது. சிலுவையில் பேர் இருக்கிறது. தோற்றம் சரியாக இருக்கிறது. மறைவுக்கு எதிரே இருக்கிற வருடம் ஒன்றுதான் தப்பு. கொஞ்ச நேரம் என்னை அனுப்பினால், பழைய எண்ணைச் சுரண்டிவிட்டு இந்த வருடத்தைப் போட்டுத் தருகிறேன். பொய் எழுதினவன் என்று எனக்குப் பேர் வரக் கூடாது.